எல்லாக் கொம்பிலும் தார்

பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "மாட்டைப் பார்த்தவுடனே இன்ன நோய்தான் என்று சொல்லிவிடும் தெளிவு உங்களுக்கு எப்போது வந்தது ஐயா?" நான் சிரித்துச் சமாளித்துவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகு யோசித்துப் பார்த்தால், அப்படியொரு தெளிவு எனக்கு வந்ததாக நினைவில்லை. வராமலே ஓய்வு பெற்றுவிட்டேன் போலிருக்கிறது. ஆகவே நான் குணப்படுத்திய குதிரைகளைப் பற்றியும் துரைமார் கைகுலுக்கியதைப் பற்றியும் இன்று பேசப் போவதில்லை. எனக்கு இன்றுவரை முழுதாகப் புரியாத ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு, உங்களுக்குப் புரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

பதுளைக்கு ரயில் வராத காலம். பண்டாரவளையோடு தண்டவாளம் நின்றுவிடும். அங்கே இறங்கும் அரிசி மூட்டைகள் மாட்டு வண்டியில் பதுளைக்கு வரும். பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, நமுனுகுலப் பக்கத்துத் தோட்டங்களுக்கு மலையேறும். அதே வண்டிகள் தேயிலைப் பெட்டிகளோடு இறங்கும். மாடு நின்றுபோனால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் உலை ஏறாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

நான் பதுளை டவுனிலேயே பிறந்தவன். சென்னையில் மாட்டு வைத்தியம் படித்துவிட்டுத் திரும்பி, சொந்த ஊரிலேயே அரசாங்க வேலையில் அமர்ந்திருந்தேன். இன்னும் நிரந்தரமாகவில்லை. கொழும்பிலிருந்த எங்கள் பெரிய டாக்டர் நல்லபடியாக எழுதினால்தான் வேலை நிலைக்கும். படித்துவிட்டு வந்த திமிர் கொஞ்சம் இருந்தது. ஊர்க்காரர்களுக்கோ நான் பழைய பையன்தான்.

டவுனின் வண்டிப்பேட்டையை நடத்தியவர் மீனாட்சியம்மாள். புருஷன் இறந்த பிறகு அரிசிக் கடையையும் வண்டித் தொழிலையும் ஒற்றை ஆளாகக் கட்டி ஆண்டவர். தென்னாட்டிலிருந்து வந்த வியாபாரக் குடும்பம். மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் ஒருநாள் காலை அவர் ஆளனுப்பினார். பேட்டையில் ஒரு மாடு நொண்டுகிறது, வாயில் நுரை தள்ளுகிறது என்றார்கள்.

போய்ப் பார்த்தேன். குளம்பு இடுக்கில் புண், நாக்கில் கொப்புளம். கோமாரி. இதில் சந்தேகமே இல்லை. கோமாரியில் மாடு மெலியும், பால் வற்றும், வண்டி இழுக்காது, ஆனால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். "கொஞ்ச நாள் ஓய்வு கொடுங்கம்மா, கால்ல மருந்து போடுறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் இன்னொரு மாடு. இது நொண்டவில்லை. கண்ணிலிருந்து நீர் வடிந்தது, உடம்பு கொதித்தது, ஈறில் தவிடு தூவியதுபோல் வெளிறிய புண். மாலைக்குள் கழிச்சல் கண்டது. அந்த நாற்றம் ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது. நம் ஆட்கள் வெக்கை என்று சொல்லும் கொள்ளை நோய்தான் இது என்று என் மனம் சொன்னது. வெக்கை என்றால் பேட்டையே காலியாகும், வழியிலுள்ள பட்டிகளெல்லாம் காலியாகும். உடனே சாலையை அடைக்க வேண்டும்.

ஆனால் நேற்று நான் பார்த்தது கோமாரி. இரண்டு நோயும் ஒரே பேட்டையில் ஒரே வாரத்தில் வருமா? நேற்று பார்த்ததும் வெக்கையின் ஆரம்பம்தானா? அல்லது இன்று பார்ப்பது கோமாரியோடு வேறு ஏதோ கழிச்சலா? மாட்டின் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நான் நின்றதைப் பார்த்து மீனாட்சியம்மாள் கேட்டார்.

"என்ன தம்பி, அதோட பல்லை எண்ணுறீங்களா?"

"இல்லைங்கம்மா. ரெண்டு நோய் இருக்கும் போலிருக்கு."

"போலிருக்கா? இருக்கா?"

நான் கொழும்புக்குத் தந்தி அடித்தேன். சாலையையும் அடைக்கச் சொன்னேன். தப்பாக அடைத்தால் நாலு பேர் திட்டுவார்கள். அடைக்காமல் விட்டுத் தப்பானால் மாகாணமே திட்டும். அவ்வளவுதான் அன்றைக்கு என் யோசனை. அதை அறிவு என்று சொல்ல முடியாது.

பதுளைக்கும் பசறைக்கும் நடுவே ஓர் ஓடைப் பாலம் இருந்தது. அங்கே ஒரு கான்ஸ்டபிளை நிறுத்தினோம். பாலத்துக்கு இந்தப் பக்கம் நோய் வந்த இடம், அந்தப் பக்கம் சுத்தமான இடம். எந்த மாடும் கடக்கக் கூடாது.

சில நாளில் கொழும்பிலிருந்து ஊசி மருந்து வந்து சேர்ந்தது. வெக்கை கண்டு பிழைத்த மாட்டின் இரத்தத்திலிருந்து எடுத்து, இந்தியாவிலிருந்து வரவழைத்தது. அதோடு பெரிய டாக்டரின் உத்தரவும் வந்தது. நலமாக இருக்கும் மாடுகளில் பாதிக்கு மருந்து போடு, பாதிக்குப் போடாதே. போட்டவற்றின் ஒரு கொம்பில் தார் பூசி அடையாளம் வை. எது பிழைக்கிறது, எது சாகிறது என்று பார்த்துச் சொல். மருந்து எல்லாவற்றுக்கும் போதாது என்பதும் உண்மை. ஆனால் உத்தரவின் நோக்கம் அதுவல்ல. இந்த மருந்து நம் மலையில், நம் மாட்டில் வேலை செய்கிறதா என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பாதி வேண்டும். படித்தவனுக்கு இது பச்சைப்பிள்ளைப் பாடம்.

அதை மீனாட்சியம்மாளிடம் சொல்லும்போதுதான் எனக்கே ஒருமாதிரி இருந்தது.

"பாதிக்குப் போட்டுட்டு, மீதிப் பாதி?" என்றார்.

"அதை அப்படியே விட்டுப் பார்ப்போம்."

"செத்தா?"

"மருந்து நல்லதுன்னு தெரியும்."

"எந்தப் பாதியை விடப் போறீங்க? அதை யார் முடிவு பண்றது? நீங்களா, மேல இருக்குறவனா?"

"யாரும் முடிவு பண்றதில்லைங்கம்மா. மாட்டை வரிசையா விடுவோம். ஒண்ணுக்குப் போடுவேன், அடுத்ததை விட்டுடுவேன்."

"அப்ப சீட்டுக் குலுக்குற மாதிரி" என்றார். பிறகு, "சரி, மருந்தே இல்லாம இருக்குறதுக்குப் பாதியாவது கிடைக்குது. போடுங்க" என்று எழுந்து போய்விட்டார். அவர் சம்மதித்தார் என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன். வேறு வழியில்லாமல் தலையாட்டுவதும் சம்மதிப்பதும் ஒன்றா என்று நான் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

பேட்டையில் பல மாடுகள் அவருடையவை. மற்றவை வண்டிக்காரர்களின் சொந்த மாடுகள். அப்படிச் சொந்த மாடு வைத்திருந்தவர்களில் ஒருவர் மாரிமுத்து. ஒரு செவலை, ஒரு வெள்ளை. கன்றிலிருந்து சேர்த்து வளர்த்த சோடி. அந்தச் சோடிதான் அவர் குடும்பத்துக்குச் சோறு. வரிசையில் செவலைக்கு ஊசி விழுந்தது, வெள்ளை விடுபட்டது.

"ஐயா, ரெண்டும் ஒரே நுகத்துல போறதுங்க. ஒண்ணுக்குப் போட்டுட்டு ஒண்ணை விட்டா எப்படிங்க?"

"எல்லாருக்கும் அப்படித்தான் மாரிமுத்தண்ணே."

"எல்லாருக்கும் அப்படின்னா, எனக்கு எப்படிங்க?"

அவர் பின்னால் அடுத்த மாடு முட்டிக்கொண்டு நின்றது. மழை வேறு. "பெரிய டாக்டர் உத்தரவுண்ணே, நகருங்க" என்று சொல்லிவிட்டேன். உத்தரவு என்ற சொல் நமக்கு எப்போதும் கைக்கு அடக்கமாக இருக்கும். அவசரத்தில் அதைத்தான் முதலில் எடுப்போம்.

அன்று மாலை பாலத்துக் கான்ஸ்டபிள் பேட்டைப் பக்கம் வந்தான். தார் பூசிய கொம்புகளைப் பார்த்து, "இது எதுக்குங்க?" என்று கேட்டான். "ஊசி போட்ட மாடு. அதுக்கு நோய் வராதுன்னு நம்புறோம்" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். அவன் பாலத்துக்குப் போய் வண்டிக்காரர்களிடம், தார் பூசிய மாடு பாலம் கடக்கலாம் என்று சொல்லிவிட்டான். அவன் கெட்டவன் அல்ல. நான் சொன்னதிலிருந்து எந்த மனிதனும் எட்டக்கூடிய முடிவுக்குத்தான் அவன் எட்டினான்.

மறுநாள் காலை பேட்டைக்குள் நுழைந்தேன். பனி இன்னும் விலகவில்லை. முதலில் தெரிந்த மாட்டின் கொம்பில் தார். அடுத்ததிலும் தார். அதற்கடுத்ததிலும். கன்றுக்குட்டிக்குக்கூட, கொம்பு முளைக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். இரண்டு கொம்பிலும் பூசியிருந்தால் இன்னும் பாதுகாப்பு என்று நினைத்த ஆட்களும் உண்டு. பேட்டை முழுவதும் தார் வாடை.

நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். பிறகு உட்கார இடம் தேடினேன்.

ஒவ்வொரு வண்டிக்காரரிடமும் போய்க் கேட்டேன். "எந்த மாட்டுக்கு ஊசி போட்டேன்?" "ரெண்டுக்கும் போட்டீங்கய்யா." "உங்க கண்ணு முன்னாடி ஒண்ணுக்குத்தானே போட்டேன்?" "இல்லைங்கய்யா, ரெண்டுக்கும். கதிர்காமத்து முருகன் மேல சத்தியம்." மாரிமுத்துவும் அதையேதான் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஊசி குத்திய தடத்தைத் தேடலாமென்றால் அதற்குள் அது மறைந்துவிட்டிருந்தது. மாட்டின் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. பாதி மாடுகள் வெள்ளை.

பாலத்துக்கு ஓடினேன். நல்லவேளையாக இன்னும் எந்த வண்டியும் கடக்கவில்லை. ஆனால் அரிசி ஏற்றிய வண்டிகள் வரிசையாக வந்து நின்றுகொண்டிருந்தன. முன்வண்டியின் பக்கத்தில் மீனாட்சியம்மாள் குடையோடு நின்றார். அவருக்கு எதிரே, பாலத்தின் அந்தப் பக்கம், நமுனுகுலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் வெள்ளைக்காரத் துரை குதிரைமேல் இருந்தார். அவர் தோட்டத்தின் பெரிய கங்காணியும் கூட வந்திருந்தார்.

துரைமார் பேசும் தமிழை நீங்கள் கேட்டிருப்பீர்கள். "அரிசி இல்லை. ஆள் பசி. நீ சீட்டு எழுது, தார் மாடு வரலாம்" என்றார்.

"எழுத முடியாதுங்க. எல்லா மாட்டுக்கும் தார் பூசிட்டாங்க. எந்த மாட்டுக்கு ஊசி போட்டேன்னு எனக்கே தெரியாது."

"உனக்குத் தெரியாது? நீ டாக்டர். உனக்குத் தெரியாது என்றால் நீ எதுக்கு?"

அந்தக் கேள்வி நியாயமானது என்றே எனக்குத் தோன்றியது. பெரிய கங்காணி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தம்பி, ஸ்டோர்ல அரிசி அடி தட்டிருச்சு. நேத்தே அரைப்படிதான் போட்டோம். இன்னைக்குக் காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் பாதிப் பேர்தான் வந்தாங்க. புள்ளைங்க அழுவுது. ஏதாவது பண்ணுங்க."

இப்போது என் நிலையைப் பாருங்கள். ஊசி போட்ட மாடு எதுவென்று தெரிந்திருந்தால்கூட, அது நோயைச் சுமந்து போகாது என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கத்தானே இத்தனையும்! மாட்டைக் கடக்க விட்டால் அந்தப் பக்கத்துப் பட்டிகள் அழியலாம். விடாவிட்டால் இன்று இரவு லயத்தில் பிள்ளைகள் பட்டினி. ஒன்று ‘ஆகலாம்’, மற்றது ‘ஆகும்’. எதை எதோடு நிறுப்பது? நான் பாலத்தின் நடுவில் நின்றேன். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

மீனாட்சியம்மாள்தான் கேட்டார். "மாடுதானே போகக் கூடாது? அரிசி போகலாமா?"

"போகலாம்" என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். மூட்டைகளின்மேல் மாட்டின் எச்சில் பட்டிருந்தது. சாக்கில் நோய் ஒட்டிக்கொண்டு போகுமா? புத்தகம் ஒன்று போகும் என்கிறது, ஒன்று அவ்வளவாகப் போகாது என்கிறது. "சாக்கு போகக் கூடாது. அரிசி போகலாம்னு நினைக்கிறேன்" என்றேன்.

"நினைக்கிறீங்களா?"

"நினைக்கத்தான்மா முடியுது."

"அது போதும்" என்றார் அவர். கங்காணியைப் பார்த்து, "உங்க பொம்பளைங்களைக் கூட்டிட்டு வாங்க. கொழுந்துக் கூடையோட வரச் சொல்லுங்க. உள்ள விரிக்கச் சுத்தமான துணி கொண்டு வரட்டும். இந்தப் பக்கம் என் ஆளுங்க அவிழ்த்துக் கொட்டுவாங்க" என்றார்.

ஒருநாள் கொழுந்து பறிப்பு நிற்க வேண்டுமே என்று துரை முகம் சுளித்தார். கங்காணி, "பசியோட பறிக்க வராதவங்க, அரிசி தூக்க வருவாங்க துரை" என்றார். துரை குதிரையைத் திருப்பிக்கொண்டு போனார். அதுதான் அனுமதி என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

பகல் ஏறுவதற்குள் மலைப்பாதையில் பெண்கள் இறங்கி வந்தார்கள். தலையில் கம்பளி, முதுகில் கூடை. பாலத்தின் நடுவில் மூங்கில் பாயை விரித்து, இந்தப் பக்கத்து ஆட்கள் அதில் அரிசியைக் கொட்டினார்கள். அந்தப் பக்கத்துப் பெண்கள் அதை அள்ளிக் கூடையில் நிரப்பிக்கொண்டார்கள். கை படக் கூடாது, சாக்கு தாண்டக் கூடாது, திரும்பும் ஒவ்வொருவரும் சுண்ணாம்பு நீரில் காலை நனைத்துவிட்டுப் போக வேண்டும் என்று கத்திக் கத்தி என் தொண்டை கட்டிவிட்டது. ஒரு பெண் நின்று கேட்டாள்: "காலை நனைச்சா நோய் போயிருமாங்க? கூடை நனையலையே?" கூடை நோய்ப்பக்கம் வரவில்லை, உங்கள் கால்தான் பாய்வரை வந்தது என்று விளக்கினேன். விளக்கும்போதே, பாய் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே காலை நனைத்துவிட்டுப் போனாள். பாலத்துக்கு அப்பால் லுணுகலைப் பக்கத்து வண்டிகள் சில நின்றன. தூரத்துத் தோட்டங்களுக்கு அவை ஏற்றிப் போயின. சாலை திறக்கும்வரை இப்படித்தான் அரிசி போனது.

பேட்டையில் மாடுகள் சாகத் தொடங்கின. சில பிழைத்தன. சில நோயே காணவில்லை. எல்லாக் கொம்பிலும் தார்.

மாரிமுத்துவின் செவலைக்கு நோய் கண்டது. வெள்ளை அதன் பக்கத்திலேயே புல் மென்றுகொண்டு நின்றது. செவலை எழ முடியாமல் படுத்த அன்று அவர் என்னிடம் வந்தார்.

"ஐயா, நான் பொய் சொல்லிட்டேன். வெள்ளைக்கு நீங்க ஊசி போடலைங்க. நான்தான் தார் பூசினேன். செவலைக்குத்தான் போட்டீங்க."

"நிச்சயமாவாண்ணே?"

"என் மாடு எனக்குத் தெரியாதுங்களா? போட்டது படுத்திருக்கு. போடாதது நிக்குது. இப்ப சொல்லுங்க. அந்த மருந்து மாட்டைக் காப்பாத்துற மருந்தா, கொல்லுற மருந்தா?"

ஊசி போடும் முன்பே செவலையின் உடம்பில் நோய் நுழைந்திருக்கலாம். போட்ட அளவு போதாமல் போயிருக்கலாம். வெள்ளைக்குச் சின்ன வயதிலேயே இந்த நோய் வந்து போயிருக்கலாம். இத்தனை ‘லாம்’களையும் அவரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு போய்ச் செவலையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்று மாலை அது இறந்தது.

மற்ற வண்டிக்காரர்களிடம் மறுபடி போனேன். மாரிமுத்து உண்மையைச் சொல்லிவிட்டார், நீங்களும் சொல்லுங்கள், யாரும் உங்களைத் தண்டிக்க மாட்டார்கள் என்று கெஞ்சினேன். "ரெண்டுக்கும் போட்டீங்கய்யா" என்றார்கள். சத்தியம் செய்த வாயைத் திருப்புவது எளிதல்ல.

அதன் பிறகு பெரிய டாக்டர் பண்டாரவளையில் ரயிலிறங்கி வந்தார். நேர்மையான மனிதர், கடுமையான மனிதர். நடந்ததை எல்லாம் அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். தார்க் கதையில் அவர் சிரிக்கவில்லை.

"உனக்கு ஞாபகம் இருக்கும். நீதானே போட்டாய். வா, பேட்டையைச் சுற்றி வருவோம். எந்த மாட்டுக்குப் போட்டாய் என்று காட்டு" என்றார்.

சுற்றினோம். என் ஞாபகத்தைத் தோண்டித் தோண்டிக் காட்டினேன். இது போட்டது. இது போடாதது. அது போட்டது. அவர் கூடவே வந்தார். சற்றுத் தூரம் போனபின் என் விரலையே நான் கவனித்தேன். திடமாக நிற்கும் மாடுகளைப் பார்த்தே என் விரல் ‘போட்டது’ என்று நீண்டுகொண்டிருந்தது. மெலிந்து தள்ளாடும் மாட்டைக் கண்டால் ‘போடாதது’ என்றது. நான் பொய் சொல்லவில்லை. சத்தியமாக எனக்கு அப்படித்தான் ஞாபகம் வந்தது. மருந்து நல்லது என்று நான் நம்பினேன், என் ஞாபகமும் அந்த நம்பிக்கைக்கு ஏவல் செய்தது.

"நிறுத்திக்கொள்கிறேன் ஐயா" என்றேன்.

"ஏன்?"

"இது ஞாபகம் இல்லை. என் ஆசை."

அவர் முகம் சிவந்தது. "இந்த மருந்து எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது தெரியுமா? நான் எதை எழுதுவது?"

"தெரியவில்லை என்று எழுதுங்கள் ஐயா. உறுதியாகத் தெரிந்தது ஒரே ஒரு சோடி மாடு. ஊசி போட்டது செத்தது, போடாதது பிழைத்தது."

"ஒரு சோடியை வைத்து எதுவும் சொல்ல முடியாது."

"ஆமாம் ஐயா. மற்ற எதை வைத்தும்கூட இங்கே சொல்ல முடியாது."

அவர் ஒரு தேயிலைப் பெட்டிமேல் உட்கார்ந்தார். என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். கடைசியில், "நீ கடைசிவரை காட்டியிருந்தால் நான் எழுதியிருப்பேன். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்தார். யாரைப் பிடிக்கவில்லை என்றார், என்னையா, தம்மையா? எனக்கு விளங்கவில்லை. வேலை போகவில்லை. ஆனால் நிரந்தரமாவதற்கு என்னோடு சேர்ந்தவர்களைவிட நான் அதிகம் காத்திருந்தேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் நோய் பரவவில்லை. எங்கள் ஏற்பாட்டால்தான் என்று டவுனில் பேசிக்கொண்டார்கள். துரைகூட ஒரு நாள் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். ஆனால் அந்த மழையில் பட்டிகள் எதுவும் ஒன்றோடொன்று கலக்கவில்லை; அதனால்கூட இருக்கலாம். பசறைப் பக்கம் ஒரு மாடு இறந்ததாகக் கேட்டு ஓடினேன். நான் போவதற்குள் புதைத்துவிட்டார்கள். அது என்ன நோய் என்று எனக்குத் தெரியாது. பிற்காலத்தில் வேறு இடங்களில் ஒழுங்காகச் சோதித்து, அந்த மருந்து நல்ல மருந்துதான் என்று நிலைநாட்டினார்கள். நானே எத்தனையோ மாட்டுக்கு அதைப் போட்டிருக்கிறேன். இருந்தாலும் பதுளைப் பேட்டையில் அது என்ன செய்தது என்று கேட்டால், தெரியாது என்பதே என் பதில்.

நோய் அடங்கிச் சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் மாரிமுத்து என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். வெள்ளைக்குச் சோடியாகப் புதிதாக ஒரு காளையைப் பூட்டியிருந்தார். இளசு. நுகம் பழகாமல் இடித்துக்கொண்டே நின்றது.

"இதுக்கு என்ன வந்திருக்குண்ணே?"

"ஒண்ணும் வரலைங்க. நல்லாத்தான் இருக்கு. லுணுகலைக்குப் போறேன். உங்களுக்கு அந்தப் பக்கம் சோலி இருந்தா ஏறுங்க."

சோலி இருந்தது. ஏறிக்கொண்டேன். டவுன் தாண்டியதும் சொன்னார்: "அன்னைக்கு நீங்க ஏதோ சொன்னீங்க. பாதிக்குப் போடணும், பாதியை விடணும்னு. அன்னைக்கு எனக்கு ஒண்ணும் காதுல ஏறலைங்க. மனசு பூரா மாட்டு மேல இருந்துச்சு. இப்ப நோயும் இல்லை, மழையும் இல்லை. இப்ப சொல்லுங்க. அது ஏன்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்கு நான் ஏதும் சொல்லவே இல்லை. உத்தரவு என்று மட்டும்தான் சொன்னேன். அவர் பெருந்தன்மையாக, நான் சொன்னதாகவும் தமக்குக் கேட்கவில்லை என்றும் வைத்துக்கொண்டார்.

சொல்லத் தொடங்கினேன். சென்னையில் படித்ததெல்லாம் ஆங்கிலம். தமிழில் ஒவ்வொரு சொல்லாகத் தேட வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மருந்து போட்டு எல்லாம் பிழைத்தால், மருந்தால் பிழைத்ததா, தானாகவே பிழைத்ததா என்று எப்படித் தெரியும் என்று ஆரம்பித்தேன். அவர் தலையசைத்தார். தெரியாமலே போட்டுக்கொண்டிருந்தால், வேலை செய்யாத மருந்தை நம்பி நாளைக்கு ஆயிரம் மாட்டைச் சாகவிடுவோம் என்றேன். அதற்கும் தலையசைத்தார். ஆளைப் பார்த்துப் பொறுக்கினால் வேண்டியவன் மாட்டுக்குத்தான் போடுவோம், அதனால்தான் வரிசையில் விடுவது என்றேன். "அது நியாயம்" என்றார். இரண்டு வளைவு தாண்டுவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். எனக்கே முதல்முறையாக அது தெளிவாகப் புரிந்ததுபோல் இருந்தது.

மாரிமுத்து இளங்காளையைத் தட்டி ஓட்டினார்.

"நீங்க சொல்றது சரிதாங்க. நாளைக்கு ஆயிரம் மாடு பிழைக்கும். ஒத்துக்குறேன். ஆனா இன்னைக்கு விட்டுட்ட மாட்டுக்காரன் நிக்கிறான் பாருங்க, அவன்கிட்ட என்னங்க சொல்லுவீங்க?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பசறை மேடு வந்துவிட்டது. இளங்காளை முரண்டு பிடித்துப் பின்வாங்க, வண்டி சரிவில் உருளத் தொடங்கியது. அவர் குதித்து மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார். நான் குதித்துப் பின்னால் ஓடிச் சக்கரத்துக்குத் தோள் கொடுத்தேன். மேடு முடியும்வரை இருவரும் தள்ளிக்கொண்டே போனோம்.